கான்சர்ட் பியானிஸ்ட் சொந்த பியானோவை ஏன் கொண்டுபோவதில்லை?
மேடைக் கச்சேரியையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்தான் கான்சர்ட் பியானிஸ்ட். வயலின்காரர் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். 88 கட்டைகள் கொண்ட கச்சேரி பியானோ கிட்டத்தட்ட 9 அடி நீளம், எடை அரை டன்னை நெருங்கும், அதனால் அரங்கில் எது நிற்கிறதோ அதில்தான் வாசித்தாக வேண்டும். அடுத்தவர் ஸ்கூட்டரை வாங்கி ஓட்டுவது மாதிரி: பிரேக் எங்கே பிடிக்கும் என்று சட்டெனக் கைக்குப் பிடிபட வேண்டும். ஒன்றில் கட்டை கனமாக இருக்கும், இன்னொன்று லேசாகத் தொட்டாலே கணீரென்று கேட்கும். கச்சேரிக்கு முன் மெல்லிய சுரங்களைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான், எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. புகழ்பெற்ற பியானிஸ்ட் ஹோரோவிட்ஸ் மாதிரி வெகு சிலர் சொந்த பியானோவையே கூட எடுத்துப் போனார்கள். கட்டையை அழுத்தினால் சத்தம் வரும், எல்லா பியானோவும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரே மாடல் என்றாலும் இரண்டு பியானோக்கள் விரலுக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை.