பின்னில் ஏன் 5 வோல்ட் இல்லை?

அன்புள்ள ஐயா,

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 8ஆம் பின்னில் 5 வோல்ட் ரிலே (சுருளில் மின்னோட்டம் ஓடினால் இழுக்கும் சுவிட்ச்) ஒன்றை நேரடியாக இணைத்தேன். சும்மா இருக்கும்போது பின்னில் 5 வோல்ட் வருகிறது. ரிலேயை இணைத்ததும் 3.6 ஆகிவிடுகிறது, ரிலே இழுக்கவில்லை. ஒரு பின் 40 மில்லிஆம்பியர் தரும் என்று படித்தேனே! போர்டு பழுதா? இரண்டு பின்களைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

ரிலே இணைந்திருக்கும்போதே அளந்து பார்த்தீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. இப்படியே ஓட்டினால் நன்றாக இருக்காது.

பின்னுக்குள் இருப்பது ஒரு மாஸ்ஃபெட், சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர். அது முழுதாகத் திறந்தாலும் ஏறக்குறைய 25 முதல் 30 ஓம் தடை மிச்சமிருக்கும். சின்ன நீல ரிலேயின் சுருள் பெரும்பாலும் 70 ஓம். 5 வோல்ட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 50 மில்லிஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் சிப்புக்குள்ளேயே விழுந்துவிடுகிறது.

அந்த 40 என்ற எண்ணை எங்கே படித்தீர்கள்? அது தாங்கும் எல்லை, தாண்டினால் சிப் கெடலாம் என்ற எச்சரிக்கை. அதை ‘தரும்’ என்று எப்படி எடுத்துக்கொள்ளலாம்? ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால், 20 மில்லிஆம்பியர் எடுத்தால் குறைந்தது 4.2 வோல்ட் என்று இருக்கும். உறுதி அதற்குத்தான். 40இல் எத்தனை வோல்ட் என்று எந்த உறுதியும் இல்லை. முதல் அட்டவணையோடு டேட்டாஷீட்டை மூடிவைக்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? நாங்கள் 8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலரைப் படித்தபோது எல்இடியைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டால் எரிகிறதா என்றே தெரியாது. “திருப்பிப் போடு, சப்ளையிலிருந்து பின்னுக்கு” என்பார்கள். பளிச்சென்று எரியும். ஏன் என்று ஆய்வகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வகைச் சிப்பான ஏடி89சி51இன் டேட்டாஷீட்டில் காரணம் இருந்தது. பின் ‘1’ஆக இருக்கும்போது வெறும் 60 மைக்ரோஆம்பியர் எடுத்தாலே 2.4 வோல்ட்டுக்குத்தான் உறுதி. ‘0’வில் 1.6 மில்லிஆம்பியரை உள்ளே வாங்கினாலும் 0.45 வோல்ட்டைத் தாண்டாது. ஒரே பின்தான், இரண்டு பக்கமும் ஒரே பலம் இல்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் ஒன்று, பூஜ்யம் என்று மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இன்றும் நிறைய இடங்களில் அப்படித்தான்.

இரண்டு பின்களைச் சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பின்னுக்கும் ரிலேக்கும் நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கிலோஓம், ரிலே சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டையோடு. அப்புறம் அதே பின்னை மறுபடி அளந்து எழுதுங்கள்.