ஏற்றத்துக்குச் சைக்கிள்: வாங்கும் முன் கேளுங்கள்

கேள்வி: கல்கரியில் இருக்கும் மகளிடம் போகிறோம். கார் ஓடாத மலை வீதியில் சைக்கிள் ஓடலாமாம். வீதிக்கான ரிக்கெற்றும் சைக்கிளும் சேர்த்து இங்கேயே காசு கட்டும்படி ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

பதில்: கட்ட வேண்டாம். மகள் சொல்வது பான்ஃப் தேசியப் பூங்காவின் போ வேலி பார்க்வே என்ற வீதி. அதன் கிழக்குப் பக்கம் 17 கிலோமீற்றரில், மே தொடங்கி ஜூன் பிற்பகுதி வரையும் பிறகு செப்டெம்பரிலும் தனியார் வாகனங்களை விடுவதில்லை. 2022இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த வீதிக்கென்று சைக்கிள்காரரிடம் தனி ரிக்கெற் வாங்குவதில்லை. பூங்கா அனுமதிச் சீட்டு வேறு விஷயம். சைக்கிளைப் பான்ஃப் நகரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். சிறு ஏற்ற இறக்கம்தான். முழங்கால் நோ இருந்தால் மின்சார உதவியுள்ள சைக்கிள் கேளுங்கள். கரடி நடமாடும் இடம், தனியே போகாதீர்கள். அந்த ஆண்டுக்கான திகதியைப் பார்க்ஸ் கனடா இணையத்தளத்தில் மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகைச் சைக்கிளுக்கு அடையாள அட்டையைப் பிணையாகக் கேட்கிறார்கள். – உப்புவெளி

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோணேசர் கோயில் ஏற்றத்துக்கென்று 21 கியர் சைக்கிள் வாங்கினேன். பாதியிலேயே இறங்கி உருட்டுகிறேன். எனக்குத்தான் பலமில்லையா? – திருக்கோணமலை நகர்

பதில்: உங்களில் பிழையில்லை. இந்த ‘21 கியர்’ வியாபாரத்தைப் பற்றி எனக்கு நீண்ட நாள் கோபம். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. பல கியர்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஏற்றத்துக்கு உதவுவது ஒன்றே ஒன்று: முன்னால் மிகச் சிறியது, பின்னால் மிகப் பெரியது. கடையிலேயே அந்தப் பற்களை எண்ணிப் பாருங்கள். இரண்டும் 28 என்றால் பெடல் ஒருமுறை சுற்றச் சில்லும் ஒருமுறை சுற்றும். கோயிலுக்குப் போகும் கோட்டை ஏற்றத்துக்கு அது போதும். பின்னால் 34 என்றால் இன்னும் இலேசு. பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் சுற்றி, எல்லாக் கியரையும் மாற்றச் சொல்லுங்கள். பல மலிவுச் சைக்கிள்களில் செயின் அந்தச் சிறிய சக்கரத்துக்கு இறங்குவதே இல்லை. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விற்ற கடைக்கே கொண்டுபோங்கள். சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு.

அப்புறம் பிரேக். லீவரை இறுக்கினால் அது கைபிடியில் முட்டக்கூடாது. கோயிலிலிருந்து திரும்பும் இறக்கத்தில் குறுக்கே மான் வரும், யாத்திரிகரும் நடப்பார்கள். குலுக்கலைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனுக்கு மயங்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் தந்த சஸ்பென்ஷன் ஒரு மாரி தாண்டவில்லை, உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டது. “அது அப்படித்தான்” என்றார்கள். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் ஏற்றத்தில் மிதித்தேன்.

கேள்வி: பேஸ்புக்கில் படம் பார்த்து 25,000 ரூபா அனுப்பினேன். இப்போது போன் எடுக்கிறார்களில்லை. பில் இல்லை, கடை எங்கே என்றும் தெரியாது. – கிண்ணியா

பதில்: கடை எங்கே என்று தெரியாமல் காசு அனுப்புவதா? இந்தப் பத்தியில் எத்தனை தரம் எழுதுவது! வங்கிச் சிட்டையும் செய்திகளும் அழியமுன் பொலிஸில் முறையிடுங்கள். இன்றைக்கே.

கேள்வி: அலுமினியம் என்று சொல்லி மகனுக்குச் சைக்கிள் விற்றார்கள். இரண்டு மாதத்தில் பெயின்ற் பொங்கித் துரு தெரிகிறது. சீட்டுப் பிடித்து வாங்கியது ஐயா. – நிலாவெளி

பதில்: அம்மா, அலுமினியத்தில் செந்துரு வராது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் வையுங்கள். ஒட்டினால் அது இரும்பு, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். துருவையும், காந்தம் ஒட்டி நிற்பதையும் படமெடுத்து வையுங்கள். பில்லில் ‘அலுமினியம்’ என்று எழுதியிருந்தால் மிக நல்லது. முதலில் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடிதம் எழுதச் சிரமமென்றால் பில்லின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.