பின்னல் ஊசியுடன் ரொறன்ரோவுக்கு: எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது?

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒக்டோபர் மாதம் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் சென்று சில மாதங்கள் தங்கவிருக்கிறேன். அங்கு எனக்குப் பேரக்குழந்தை பிறக்கவிருக்கிறது. கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் பின்னும் குரோசேயும் இரு ஊசிகளால் பின்னும் ஊசிப் பின்னலும் இளவயதிலிருந்தே எனக்குப் பழக்கம். பாதியில் நிற்கும் குரோசே கட்டில் விரிப்பை வழியில் பின்னி முடிக்கலாம் என்று எண்ணுகிறேன். விமானத்துக்குள் ஊசிகளை அனுமதிப்பார்களா? இங்கிருந்தே குழந்தைக்கு உடுப்புகளைப் பின்னிக்கொண்டு போகலாமா? அங்கு இக்கலை சார்ந்து பார்க்கவும் கற்கவும் என்ன உண்டு?

பதில்: கட்டில் விரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். பாதி வளர்ந்த விரிப்பு பயணப் பையின் நிறையைக் கூட்டுவது ஒரு புறமிருக்க, ஒவ்வொரு வரியைப் பின்னும்போதும் முழுத் துணியையும் திருப்பிப் போட வேண்டியிருப்பதால் நெருக்கமான இருக்கையில் பக்கத்திலிருப்பவரின் மடியும் உங்கள் வேலைத்தளமாகிவிடும். பயணத்துக்கு உகந்த வேலை கைக்குள் அடங்க வேண்டும். மாதிரித் தாளைப் பார்க்காமலே விரல்கள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உணவுத் தட்டு வந்தாலும் இறங்கும் அறிவிப்பு வந்தாலும் அந்தக் கணமே நிறுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சிறு சதுரங்களாகப் பின்னிப் பிறகு இணைக்கும் குரோசே வேலை இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு நிறம் மாற்றினால் நூல் நுனிகள் மலைபோலச் சேர்ந்துவிடும் என்பதால், ஒரு சதுரத்துக்கு ஒரு நிறம் போதும். நுனிகளையும் அவ்வப்போதே உள்ளே கோத்துவிடுங்கள்.

முதலில் கொழும்பு வரையிலான இரயில் பயணத்தைப் பார்ப்போம். பகலில் ஓடும் உதயதேவியில் சென்றால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இரவு இரயில் என்றால் மங்கிய விளக்கில் கறுப்பு, கருநீல நூல்களின் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. வெளிர் நிற நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலுண்டையைச் சுருக்குக் கயிறு கொண்ட துணிப்பைக்குள் இட்டு, உண்டையின் நடுவிலிருந்து நூலை இழுத்துப் பின்னினால், அது கையிலிருந்து நழுவிப் பெட்டியின் தரையில் நான்கு இருக்கை தாண்டி உருளாது. நமது கரையோர வெக்கையில் கை வியர்த்து நூல் அலுமினிய ஊசியில் ஒட்டிக்கொண்டு வழுக்க மறுப்பதை நீங்களே அறிவீர்கள். மூங்கில் ஊசியில் இத்தொல்லை குறைவு.

விமானத்தைப் பொறுத்தவரை ஒரு விடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னல் ஊசிகளையும் குரோசே ஊசிகளையும் கைப்பையில் கொண்டுசெல்லக் கனடாவின் விமான நிலையப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. 6 சென்ரிமீற்றருக்கு மேற்படாத அலகுடைய கத்தரிக்கோலுக்கும் அங்கு தடையில்லை. ஆனால் அவ்விதி உங்களுக்குத் திரும்பி வரும் பயணத்தின் தொடக்கத்தில்தான் உதவும். போகும்போது உங்கள் பையைச் சோதிப்பவர்கள் கட்டுநாயக்கவிலும், விமானம் மாறும் இடைத்தங்கல் நிலையத்திலும் உள்ள அலுவலர்கள். அங்கு அவர்களது முடிவே இறுதியானது. எனவே விலையுயர்ந்த ஊசிகளையும் நீண்ட உலோக ஊசிகளையும் கத்தரிக்கோலையும் சரக்குப் பெட்டியில் இட்டுவிட்டு, பறிபோனாலும் மனம் வருந்தாத ஒரே ஒரு பிளாஸ்டிக் அல்லது மூங்கில் குரோசே ஊசியைக் கைப்பையில் வைத்திருங்கள். நூலை அறுக்க நகவெட்டி போதும். தொங்கட்டான் வடிவில் உள்ளே அலகு மறைத்த நூல்வெட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். அதைக் கத்தியாகக் கருதித் தடுக்கும் நாடுகள் உண்டு.

ஊசிப் பின்னலை விடக் குரோசேயை விமானத்துக்கு நான் விரும்பிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குரோசேயில் எந்த நேரத்திலும் ஒரேயொரு கண்ணிதான் திறந்திருக்கும். அலுவலர் ஊசியை எடுத்துக்கொண்டாலும் அக்கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டால் வேலை பிரியாது. ஊசிப் பின்னலிலோ வரி முழுவதும் ஊசியில் நிற்கிறது. அதைத்தான் கொண்டுபோவேன் என்றால், இரு ஊசிகளைக் கம்பியால் இணைத்த வட்ட ஊசியைப் பயன்படுத்துங்கள். நழுவி இருக்கைக்கு அடியில் விழாது, முழங்கை பக்கத்தவரை இடிக்காது. சோதனைக்கு முன்பே, வேறு நிறத்து மெல்லிய நூல் ஒன்றைத் தையல் ஊசியில் கோத்து அவ்வரியின் கண்ணிகள் அனைத்துக்கும் ஊடாக ஓட்டி வையுங்கள். ஊசியே போனாலும் கண்ணிகள் அந்நூலில் தங்கி நிற்கும்.

குழந்தைக்கான உடுப்புகளை இங்கிருந்தே பின்னிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நம்மிடம் எளிதில் கிடைக்கும் பருத்தி நூல் நமது காலநிலைக்கே உரியது. ஈரம் பட்டால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் கதகதப்பைக் கைவிடாது. சனவரியில் ரொறன்ரோவின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருப்பதால், வழியில் பின்னப் பருத்தி நூல் இரண்டு உண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குழந்தைக்கான நூலை அங்கேயே வாங்குங்கள். இயந்திரத்தில் துவைக்கத்தக்க கம்பளியா என்று சுற்றுத்தாளில் பார்த்து வாங்குங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் கையால் அலசி நிழலில் விரித்துக் காயவைக்க மகளுக்கு நேரம் இருக்காது. ஒரே உடுப்புக்கான உண்டைகள் அனைத்தும் ஒரே சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமிட்டவை என்பதைக் காட்டும் எண்) கொண்டவையா என்றும் பாருங்கள்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர். ஒரு வயதில் சுமார் 46. தொப்பி இழுபட்டு இறுகப் பொருந்த வேண்டுமென்பதால், தலையின் அளவை விட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் குறைத்தே பின்னுங்கள். கழுத்தில் கட்டும் கயிறு வேண்டாம். காலுறைகளில் பெரிய துளையுள்ள ரேந்தைப் பின்னலும் வேண்டாம். பிஞ்சு விரல்கள் அதில் மாட்டிக்கொள்ளும்.

அங்கு வாங்கும் மாதிரிகள் உங்களைக் குழப்பக்கூடும். நாம் கற்றது பிரித்தானிய முறை. வட அமெரிக்காவில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க முறையில் எழுதப்பட்டவை. ஒரே பின்னலுக்கு இரு முறைகளிலும் பெயர் வேறு: நமது டபுள் குரோசே அவர்களுக்குச் சிங்கிள் குரோசே. நமது டிரெபிள் அவர்களுக்கு டபுள். மாதிரியில் எங்காவது சிங்கிள் குரோசே என்றிருந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம். ஊசி எண்ணும் அப்படித்தான்: பழைய பிரித்தானிய 8 ஆம் இலக்கப் பின்னல் ஊசி 4 மில்லிமீற்றர், அமெரிக்க 8 ஆம் இலக்கம் 5 மில்லிமீற்றர். பிரித்தானிய முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். உங்கள் ஊசிகளின் மில்லிமீற்றர் அளவைப் புறப்படுமுன் ஒரு துண்டில் எழுதி அவற்றுடன் சேர்த்துக் கட்டி வையுங்கள். கடையில் அந்த அளவைச் சொன்னால் போதும்.

பார்ப்பதற்கென்றால், ரொறன்ரோ நகர மையத்தில் 1975 இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்டைல் மியூசியம் ஒஃப் கனடா இருக்கிறது. பல நாட்டுத் துணிகளை நூல் நூலாக உற்றுப் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். கோஸ்ட் சேலிஷ் பழங்குடிப் பெண்கள் பின்னும் தடித்த கவிச்சன் சுவெற்றர்களின் பிறப்பிடம் பசிபிக் கரையிலுள்ள வன்கூவர் தீவு. நாட்டின் மறு ஓரமாதலால், மகளைப் பார்க்கப் போகும் இப்பயணத்தில் அது தேவையில்லை. கற்பதற்கு நான் சொல்வது, கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோரில் பெயர்பெற்ற த்ரம் கையுறை. சில கண்ணிகளுக்கு ஒருமுறை, நூற்காத கம்பளிப் பஞ்சுத் திரியொன்றைச் சேர்த்துப் பின்னுவார்கள். வெளியே சிறு புள்ளிகளாகத் தெரியும், உள்ளே மெத்தைபோல நிறைந்துவிடும். சாதாரணப் பின்னல் தெரிந்தவருக்கு ஒரு மாலையில் பிடிபடக்கூடியது. அருகிலுள்ள நூலகத்திலோ நூல் கடையிலோ பின்னல் குழு கூடுகிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்; மொழியில் தயக்கம் இருந்தாலும் அங்கே கையைப் பார்த்தே கற்றுவிடலாம்.

திரும்பும்போது கம்பளி நூல் கொண்டுவருவீர்களானால், அந்துப்பூச்சியை மறவாதீர்கள். அணிந்த கம்பளியில் ஒட்டியுள்ள வியர்வையும் அழுக்கும் அதன் புழுக்களுக்கு உகந்தவை. எனவே துவைத்து நன்கு உலர்த்திய பின்பே மடித்து வையுங்கள். சந்தேகமிருந்தால் காற்றுப் புகாத பையில் இறுகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பின் பையைத் திறவுங்கள். உடனே திறந்தால் நமது ஈரக்காற்று நூலில் நீராகப் படிந்துவிடும்.