மூழ்கிய மூக்குத்தி

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். காரைக்குடியில் ஒரு பைக் ஷோரூமில் கணக்குப் பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 18,400. தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, பிடித்தத்துக்கு முந்தின சம்பளத்தில்தான் கணக்கிட வேண்டும் என்கிறார்கள் சபையில். கைக்கு வருவதில் கொடுத்தால் போதும் என்கிறார்கள் வீட்டில். எது சரி? பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல், ஒட்டகம் மண்டிபோட்டால் நுழைந்துவிடும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா? நகரத்தார் செட்டியார்களின் மகமையும் தசமபாகமும் ஒன்றுதானே? அழகப்பச் செட்டியார் மாதிரி கொடுக்க எனக்கு ஆசை. அம்மா ஆபரேஷனுக்காக ஒரு டீக்கடை அண்ணனிடம் வாங்கிய கைமாத்து 20,000 இன்னும் நிற்பதால் கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் எட்டு மாதமாகக் காணிக்கை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஜெ., தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மடியில் ஒரு பழைய நோட்டு இருந்தது. ஊர் வீட்டில் இரண்டாங்கட்டுச் சுவர் இறங்கிவிட்டது என்று போன இடத்தில் கிடைத்தது. அப்பத்தாவின் அடகு நோட்டு. அது மட்டும் கையில் இல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம். ஊசி வாசல் என்று ஒன்று இயேசு காலத்து எருசலேமில் இருந்ததற்குச் சான்று கிடையாது. பணக்காரர்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமே என்று பின்னால் யாரோ கட்டிய வாசல் அது. மகமை வியாபாரத்தில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவது. மாதச் சம்பளக்காரர் அதை இழுத்துப் போட்டுக் குழம்ப வேண்டாம். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அதைச் சொல்ல இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு.

எனக்கு உறுத்துவது போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கைமாத்து. கணக்குப் பார்க்கிறவர்தானே நீங்கள்? கைக்கு வருவதில் பத்தில் ஒன்று என்றே வைத்தாலும் மாதம் 1,840. எட்டு மாதத்துக்கு 14,720. அதை அந்த மனிதரிடம் கொடுத்திருந்தால் பாக்கி 5,280தான் நின்றிருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறவருடைய பணத்தில் நீங்கள் தவறாமல் காணிக்கை போட்டிருக்கிறீர்கள். பேரேட்டில் அவர் பெயரில் எழுத வேண்டிய வரவை ஆண்டவர் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதலாளி கணக்கில் இப்படிச் செய்தால் வேலை இருக்குமா?

நான் விபூதி பூசுகிற நகரத்தார் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் பழைய மொழிபெயர்ப்பு பைபிளைக் கொடுத்து, தமிழுக்காகப் படி என்றார். அதில் எனக்கு மிகப் பிடித்த ஆள் சகேயு. எரிகோவில் வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன். குள்ளன். காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவனை இயேசு இறங்கி வரச்சொல்லி அவன் வீட்டுக்கே போகிறார். அவன் சொல்வதைக் கவனியுங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அது ஒரு கணக்கு. எவனிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் ‘நாலத்தனையாக’த் திருப்பிச் செலுத்துகிறேன். அது வேறு கணக்கு. எங்கள் வட்டிக்கடைகளில் எடுபிடியாக இருக்கிற பெட்டியடிப் பையன்கூட இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத மாட்டான். தானே முன்வந்து ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது மோசேயின் சட்டம். ஒன்றுக்கு நாலு என்பது ஆட்டைத் திருடி அறுத்துத் தின்றவனுக்கான தண்டனை. சகேயு தனக்குத் தானே எழுதிக்கொண்டது அந்தத் தண்டனையை. அந்தப் பணத்தை ஆலயப் பெட்டியில் போடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. யாரிடம் எடுத்தானோ அவனிடமே போகிறான்.

இதை எனக்குப் புரியவைத்தது வாத்தியார் இல்லை, அப்பத்தா.

அப்பத்தாவின் வீட்டுக்காரர், என் ஐயா, பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முகவருக்கு அடுத்த ஆளாக இருந்தவர். 1942இல் வெறுங்கையோடு வந்து சேர்ந்து, கொஞ்ச நாளில் போய்விட்டார். அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து நகை அடகு பிடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. கண்ணில் புரை விழுந்ததும் நோட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பத்து வயது.

எருமை வைத்திருந்த ஓர் அம்மா, ஒற்றைக்கல் மூக்குத்தியை வைத்து முப்பது ரூபாய் வாங்கியிருந்தது. தவணை தாண்டி நாலாம் நாள், முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நின்றது.

“நாலு நாள்தானே ஆச்சி, எரும கன்னு போட்டுருச்சு, அதான்.”

“மூழ்கிப்போச்சு ஆத்தா. நான் என்ன செய்ய?”

நோட்டில் ‘மூழ்கியது’ என்று எழுதியது நான். ‘ழு’வைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தியிருக்கிறேன். அந்த அடித்தல் இன்னும் இருக்கிறது.

அப்பத்தா கல்நெஞ்சுக்காரி இல்லை. அதே அம்மாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது நொய்க்கஞ்சி வைத்து என்னிடம் கொடுத்தனுப்பியது. ஆனால் கணக்கு கணக்குதான். மூழ்கிய நகையை வைத்துக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிற நகரத்தாரிடம், மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலில் போடச்சொல்லிக் கொடுத்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அதில் பெருமை. பால் ஊற்ற வந்த அந்த அம்மாதான் கேட்டது:

“முருகனுக்கா போட்டீக? அவனுக்கு வேணும்னா எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்?”

அப்பத்தா பதில் சொல்லவில்லை. செம்பை நீட்டிப் பாலை வாங்கிக்கொண்டது.

அழகப்பர் மாதிரி என்று நீங்கள் எங்கள் ஆட்களைப் புகழும்போது நான் நெளிவது இதனால்தான். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து கடன்கள் மூழ்கியபின், 1937இல் 25. நிலம் வேண்டாம், பணமாக வந்தால் போதும் என்றுதான் நம்மவர்கள் இருந்தார்கள், அதுவும் உண்மைதான். வயலை இழந்த பர்மாக்காரனிடம் அதைச் சொன்னால் அவன் முகம் எப்படி இருந்திருக்கும்?

தாய் தகப்பனுக்குப் போக வேண்டியதைக் ‘கொர்பான்’, அது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு திட்டுகிற இடம் மாற்கு சுவிசேஷத்தில் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் போதகரிடமும் கேளுங்கள். பிடித்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்ற கேள்வியையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அப்போஸ்தலர் பவுல் சதவீதம் எதுவும் சொல்லாமல், விசனமும் கட்டாயமும் இல்லாமல் மனதில் நியமித்தபடி கொடு என்றுதான் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

நோட்டு கிடைத்த மறுநாள் கண்மாய்க்கரைக்குப் போனேன். அந்த அம்மாவின் வீடு இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்களாம், விலாசம் யாரிடமும் இல்லை. விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் டீக்கடை அண்ணன் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதலில் அங்கே போங்கள். மொத்தமாக முடியாவிட்டால் முடிந்ததைக் கொடுங்கள். அன்றைக்குக் குடிக்கிற டீக்கும் காசு கொடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இவ்வளவு எழுதியவர் அதை எழுதவில்லையே.