வேலைத்தலத்தில் கிறிஸ்தவ குணத்தோடு வாழ்வது என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிக்கையிடும் விசுவாசம் திங்கட்கிழமை நம்முடைய கணக்கிலும் பேச்சிலும் நேரத்திலும் தெரிவதுதான் அது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பியிருக்கலாம். கடைசி வயலுக்குத் தண்ணி வந்ததா என்பதுதானே கமக்காரரின் கேள்வி? அதைப் போலத்தான்.

காரணம் கொலோசெயர் 3:23இல் இருக்கிறது. எதைச் செய்தாலும் மனிதருக்கென்றல்ல, ஆண்டவருக்கென்றே மனதாரச் செய்யச் சொல்கிறார் பவுல். அந்தப் பகுதி அடிமைகளுக்கு எழுதியது. சம்பள உயர்வுக்கு வழியே இல்லாதவர்களுக்கு இப்படிச் சொன்னாரென்றால், முதலாளி பார்க்கிறாரா இல்லையா என்பது கணக்கில் வராது. (அடுத்து 4:1இல் எசமான்களும் நீதியாக நடக்கவேண்டும் என்கிறார். அதை முதலாளிமார் வசதியாகத் தாண்டிப் போவதுண்டு.)

காலபோக அறுவடை நேரம் கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்கும் இடத்தில் தராசடியில் நிற்பவரை எடுங்கள். ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் கழிவு வெட்டுவார்கள். மீற்றர் 15 காட்ட, 17 என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? கொண்டுவந்தவருக்கோ வெட்டு மெசின் கூலி கொடுக்கிற அவசரம். அந்த மீற்றரைத் திருப்பி அவருக்கே காட்டி, 15க்குரிய கழிவையும் சாக்கின் நிறையையும் மட்டும் கழிப்பவர் கள்ளத் தராசைப் பற்றிய நீதிமொழிகள் 11:1ஐ வாயால் சொல்லவே தேவையில்லை.

வேலை நேரத்தில் பிரசங்கம் பண்ணுவதும், பொய்ப் பில் எழுதச் சொன்னால் தாழ்மை என்று தலையாட்டுவதும்தான் கிறிஸ்தவ குணம் எனச் சிலர் நினைக்கிறார்கள். முதலாவது வேலைக்கள்ளம், மற்றது பொய்க்கு உடந்தை.