குத்துக்கு வலு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பாக்ஸிங் பழகுகிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்குவேன். ஆனால் என் வலது ஸ்ட்ரெய்ட் (நேராகக் கையை நீட்டி அடிக்கும் குத்து) பட்டால் தொங்கும் குத்துப்பை முன்னும் பின்னும் ஆடுகிறதே தவிர, அடி உள்ளே இறங்குவதில்லை. என்னைவிட ஒல்லியானவர் அடித்தால் சத்தமே வேறு. இன்னும் எடை கூட்டித் தூக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கைப்பலம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. பை ஆடுகிறது என்றால், பட்ட பிறகும் கையை அங்கேயே வைத்துத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். முஷ்டி பட்டதும் வந்த வழியே தாடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

விசை தரையிலிருந்து கிளம்புகிறது. பின்காலின் முன்பாதம் தரையை உந்தும்போது குதிகால் எழும்பி வெளிப்பக்கமாகத் திரும்பும். அதோடு வலது இடுப்பு முன்னால் வரும். இடுப்பு திரும்ப ஆரம்பித்த பிறகுதான் தோள். தோளுக்குப் பிறகுதான் முழங்கை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கை முந்திக்கொண்டு போய்விடும், இடுப்பு தாமதமாக வந்து சேரும். அப்போது அந்தக் குத்தில் இருப்பது வெறும் கையின் வலு மட்டுமே. பக்கவாட்டில் இருந்து ஒருவரை செல்போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் அசைவதற்கு முன்பே முஷ்டி கிளம்பியிருந்தால் கோளாறு அதுதான்.

முன்காலை யாரும் கண்டுகொள்வதில்லை. எடை முன்னால் வரும்போது அந்த முழங்கால் மேலும் மேலும் மடங்கினால், வந்த விசையெல்லாம் தொடையிலேயே அடங்கிவிடும். முன்கால் உறுதியாக நின்று பிரேக் போட்டால்தான் இடுப்பு வேகமாகச் சுழலும். மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். தாண்டினால் சாய்கிறீர்கள், சுழலவில்லை.

அடுத்தது இறுக்கம். எடை தூக்கிப் பழகியவர்களுக்கு இது பெரிய தொல்லை. கிளம்பும்போதே முஷ்டியை இறுக்கினால் பைசெப்ஸும் சேர்ந்து இறுகும். முழங்கையை மடக்குகிற தசை அது. நீட்டும் கையை அதுவே பின்னால் இழுக்கும். விரல்களைத் தளர்வாக மூடிக்கொண்டு கிளம்புங்கள். படுவதற்குச் சற்று முன் மூச்சைச் சட்டென்று விட்டு, வயிறு, தோள், மணிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே கணத்தில் இறுக்குங்கள். அந்தக் கணத்தில் கையோடு உடம்பின் எடையும் சேர்ந்து இறங்கும். அந்த ஒல்லியானவர் செய்வது அநேகமாக இதைத்தான்.

இலக்கைப் பையின் தோலில் வைக்காமல் நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள். படும்போது முழங்கையில் லேசான மடிப்பு இருக்கட்டும்.

பயிற்சிக்கு 3 நிமிட ரவுண்டு ஒன்று போதும். முதல் நிமிடம் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு குதிகாலும் இடுப்பும் மட்டும். இரண்டாவது நிமிடம் பாதி வேகத்தில் குத்து. கடைசி நிமிடம் முழு வேகத்தில் ஒற்றைக் குத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 நொடி இடைவெளி. வேறொரு நாளில் 3 கிலோ மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனமான பந்து) இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியுங்கள்: பக்கத்துக்கு 5 எறி, 3 செட். வேகம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். களைப்போடு எறிந்தால் மெதுவாக எறியத்தான் பழகும்.

கேள்வி: இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து அடிக்கும் குத்து) அடித்தால் மணிக்கட்டு மடங்குகிறது. சுண்டுவிரல் கணுவும் வீங்குகிறது. என்ன தவறு?

பதில்: முதலில் வீக்கத்தைக் கவனியுங்கள். முஷ்டி மூடும்போது அந்தக் கணு உள்ளே அமுங்கித் தெரிந்தாலோ, சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறினாலோ உடனே எக்ஸ்ரே எடுங்கள். அங்கிருக்கும் ஐந்தாவது உள்ளங்கை எலும்பின் கழுத்து மெல்லியது. தப்பாகப் பட்டால் முறிவது பெரும்பாலும் அதுதான்.

பட வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்கள். உங்கள் ஹூக் அகலமாக வீசப்படுவதால் கை வளைந்து வந்து சுண்டுவிரல் பக்கம் முதலில் படுகிறது. முழங்கையை ஏறக்குறைய 90 டிகிரியில் பூட்டி, முஷ்டியின் உயரத்துக்குத் தூக்குங்கள். கையை வீச வேண்டாம்; இடுப்பு திரும்பினால் கை தானாக வரும். ஹேண்ட் ராப் (கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப்பட்டை) 4.5 மீட்டர் நீளமானது வாங்கி, மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு அங்கே மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். பையில் அடிக்க 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ் நல்லது.

கேள்வி: கையில் 2 கிலோ டம்பெல் வைத்து ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்தால் குத்தில் வலு கூடுமா?

பதில்: கூடாது. டம்பெல்லின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது, குத்து முன்னோக்கிப் போகிறது. தோள் அதைத் தாங்கித்தான் பழகும். வேகமாக நீட்டினால் முழங்கை மூட்டும் அடிவாங்கும். அந்த நேரத்தைப் பந்து எறிவதற்குக் கொடுங்கள்.