நாகூருக்கும் போகிறோம், வேளாங்கண்ணிக்கும் போகிறோம், அப்புறம் என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வருடா வருடம் குடும்பத்தோடு நாகூர் தர்காவுக்குப் போவோம், அப்படியே வேளாங்கண்ணி, திருநள்ளாறு எல்லாம் பார்த்துவிட்டு வருவோம். இப்படிப் பழகிய ஊரில் மதச்சார்பின்மையைச் சட்டத்தில் வேறு எழுதி வைக்க வேண்டுமா ஐயா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

வேண்டும் அம்மா. நம் பகுதிக்குக் கட்டாயம் வேண்டும்.

நாகூரில் ஐந்து மினாராக்களில் எல்லாவற்றையும்விட உயரமாக 131 அடிக்கு நிற்கிறதே, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவருக்குப் பல நூற்றாண்டு முந்தி, நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்துக்கு, சிவனுக்குப் பெரிய கோயில் எடுத்த அதே ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக் கொடுத்தான். லைடன் செப்பேடு என்று படித்திருப்பீர்கள், அதில் இருப்பது இந்தச் சேதிதான். இதையெல்லாம் நினைத்து நாம் பெருமைப்படலாம், நானும் படுகிறேன்.

ஆனால் இவை எல்லாம் கொடை. கொடுத்தவர் நல்லவராக இருந்தார், கொடுத்தார். நாளைக்கு வருகிறவருக்கு மனசில்லை என்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, வாங்கிக்கொண்டவர் காலமெல்லாம் நன்றியோடு இருக்கத்தான் வேண்டும். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு யாருடைய நல்ல மனசையும் நம்பி எழுதப்பட்டதில்லை. உங்களுக்குப் பிடித்த சமயத்தைப் பின்பற்றலாம், ஒன்றையும் பின்பற்றாமலும் இருக்கலாம், அதற்கு ராஜாவிடமோ பெரும்பான்மையிடமோ அனுமதி வாங்க வேண்டியதில்லை என்கிறது. முகவுரையில் மதச்சார்பற்ற என்ற சொல் 1976-ல் 42-வது திருத்தத்தில்தான் வந்தது, அதை எடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் சமயச் சுதந்திரத்தைப் பற்றிய 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் தொடக்கம் முதலே இருக்கின்றன. 1994-ல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மதச்சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது, அதாவது திருத்தம் போட்டும் எடுக்க முடியாதது என்று சொல்லிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாகூரில் வெள்ளித் தகடு வாங்கிக் காணிக்கை போட்டு, மயிலிறகால் தலையில் தடவி ஓதச் சொல்லி, கண்ணில் நீர் மல்க வந்தவர்களே, வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு முஸ்லிம் குடும்பம் வந்து நின்றால் "அவங்களுக்கு விடுறதில்லைங்க" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் பொய் இல்லை. ஆண்டவரை வணங்குவதும் அடுத்த மனிதனைச் சமமாக நடத்துவதும் தானாக ஒன்றோடொன்று சேர்ந்து வருவதில்லை, அவ்வளவுதான். நல்லிணக்கம் நமக்குப் பாட்டன் பூட்டன் விட்டுப்போனது. உரிமை அப்படி வரவில்லை, போராடித்தான் வந்தது. முதலாவதைக் காட்டி இரண்டாவது தேவையில்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என்னோடு வேலை பார்ப்பவர், தமிழ் என்றாலே தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும்தான், மற்றவர்கள் இந்த மொழியை இரவல் வாங்கிப் பேசுகிறவர்கள் என்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகர், மயிலாடுதுறை)

உங்கள் ஊர்க் கதையையே சொல்லுங்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவல் 1879-ல் அவர் கையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளை ஊர் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதி வெளியிட்டவரும் அவர்தான். திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவர், இந்தக் கிறிஸ்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடினார். அதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். பக்கத்தில் தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டுவிட்டார்.

இவர்களையெல்லாம்விட என் மனதுக்கு நெருக்கமானது உ.வே.சா. கதை. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவரிடம், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை. மடத்தில் அத்தனை புராணமும் அந்தாதியும் பாடம் கேட்டவருக்கு, அது சைன (சமண) நூல் என்பதால் கைக்கு வரவே இல்லை. ஏட்டைப் பிரித்தால் தமிழ் புரிகிறது, விஷயம் புரியவில்லை. அப்புறம் அதே கும்பகோணத்தில் இருந்த சைனர் வீடுகளைத் தேடிப் போனார். அவர்களோ அந்த நூலைப் பக்தியோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதில் வரும் சமயச் செய்திகள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. தன் மொழியில் இருக்கும் ஒரு நூலைப் படிக்க, இன்னொரு சமயத்தார் வீட்டில் மாணவனாக உட்கார வேண்டி வந்தது பாருங்கள்.

ஒருவனுக்கு மட்டுமே புரிகிற மொழி என்று ஒன்று இருக்க முடியாது என்று தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் வாதிட்டார். அவர் தனி மனிதனைப் பற்றிச் சொன்னது, நான் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன்: பலர் கூடிப் புழங்குவதால்தான் மொழி நிற்கிறது என்றால், அந்தப் பலரில் ஒரு பகுதியை விலக்கி வைத்தவன் மொழியிலும் ஒரு பகுதியை இழக்கிறான். சிந்தாமணியை விலக்கி வைத்த சைவர்கள் தமிழில் அவ்வளவையும் இழந்துதான் இருந்தார்கள்.

கேள்வி: நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி என்று போட்டிருந்த இடத்தில் தமிழ் என்று எழுதிவிட்டு வந்தேன், மனசு உறுத்துகிறது. நாங்கள் தமிழர்கள் இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

சௌராஷ்டிரம் என்றே எழுதுங்கள். நீங்கள் தமிழர்தான், அதிலும் சந்தேகம் வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்தக் காகிதத்தின் பிரச்சினை, உங்கள் பிரச்சினை இல்லை.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2006-ல் எழுதிய நூலில் இதைத்தான் விரிவாகப் பேசினார். ஒரே மனிதன் ஒரே நேரத்தில் பல அடையாளங்களோடு முரண்பாடில்லாமல் வாழ்கிறான், அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் நீ என்று சுருக்கும் இடத்தில் வன்முறை தொடங்குகிறது என்பது அவர் வாதம். தஞ்சைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். திருவையாற்றில் காவிரிக்கரையில் உட்கார்ந்து தியாகராஜர் தெலுங்கில் பாடினார். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு இன்றும் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகம் தெலுங்கில்தான் நடக்கிறது. பெரிய கோயிலில் ஒரு பக்கம் ராஜராஜன் தமிழில் வெட்டி வைத்த கல்வெட்டு, இன்னொரு பக்கம் இரண்டாம் சரபோஜி காலத்தில் மராத்தியில் வெட்டிய போன்ஸ்லே வம்ச சரித்திரம். இரண்டும் அதே வளாகத்துக் கல்லில்தான் இருக்கின்றன.

ஒன்று மட்டும் செய்யுங்கள், பிள்ளையிடம் வீட்டில் சௌராஷ்டிரத்தில் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். தமிழ் தெருவிலும் பள்ளியிலும் தானாக வந்துவிடும், அது உங்களை நம்பி இல்லை. உங்கள் மொழி உங்களை நம்பித்தான் இருக்கிறது.

கேள்வி: 2020-ல் பெரிய கோயில் குடமுழுக்கு தமிழிலா சமஸ்கிருதத்திலா என்பதை உயர் நீதிமன்றம் தீர்த்து வைத்தது. மதச்சார்பற்ற நாட்டில் நீதிமன்றத்துக்குக் கோயிலில் என்ன வேலை? (ஆசிரியர், தஞ்சாவூர்)

இரண்டு மொழியிலும் நடக்கட்டும் என்றது மதுரைக் கிளை, பிப்ரவரி 5-ம் தேதி அப்படித்தான் நடந்தது. உங்கள் கேள்வி நியாயமானது. பிரான்ஸ் 1905-ல் சட்டம் போட்டு அரசையும் தேவாலயத்தையும் பிரித்தது, நாம் அந்த வழியில் போகவில்லை. காரணம் எளிது. இங்கே அரசு கோயில் வாசலோடு நின்றிருந்தால், பலர் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள். அதனால்தான் அதே 25-வது பிரிவில், பொதுவான இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்று சேர்த்தே எழுதினார்கள். யார் உள்ளே வரலாம் என்பதில் அரசு தலையிட்டே ஆக வேண்டும். எப்படி வணங்குவது என்பதில் கூடுமானவரை ஒதுங்கி இருக்க வேண்டும். எந்த மொழி என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஏனென்றால் தன் மொழி காதில் விழாத இடத்தில் ஒருவன் உள்ளே நின்றாலும் வெளியாள் மாதிரித்தான் நிற்கிறான். என் கருத்து தமிழ் பக்கம்தான், அதே சமயம் சமஸ்கிருதத்தை வெளியேற்றச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் தாத்தாவுக்குத் திதி கொடுக்க அப்பா கூப்பிடுகிறார். மதச்சார்பற்றவன் போகலாமா? (மன்னார்குடி இளைஞர், வேலை பெங்களூரில்)

மதச்சார்பின்மை அரசாங்கத்துக்குப் போட்ட கட்டுப்பாடு தம்பி, உங்கள் வீட்டுக்கு இல்லை. தாத்தா மேல் பிரியம் இருந்தால் போங்கள். மந்திரத்தைச் சொல்ல மனசு வரவில்லை என்றால் அப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: மொழியால் ஒன்று, மதத்தால் இணக்கம் என்று நிறைய எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் பிணத்தை வயல் வரப்பில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஊர்ப் பாதையில் விடமாட்டார்கள். விடாதவர்களும் தமிழர்கள், எங்கள் சாமியைத்தான் அவர்களும் கும்பிடுகிறார்கள். இதற்கு உங்கள் பதில் என்ன? (நாகை மாவட்ட வாசகர்)

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதும், சங்கத்தில் சேர்ந்து செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்தது. தீ வைத்தவர்கள் பேசியதும் தமிழ்தான். ஆண்டையும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாக ஒரே மொழியைத்தான் பேசினார்கள், ஒருவர் அதில் கட்டளையிட்டார், இன்னொருவர் அதில் கும்பிட்டு நின்றார். மொழி ஒன்றாக இருப்பதால் சமத்துவம் வந்துவிடாது. மதங்களுக்கு இடையே சமாதானம் இருப்பதாலும் வந்துவிடாது, ஒரே மதத்துக்குள் இருக்கும் இந்த வரப்பை அது தொடவே இல்லை. அடையாளம் பற்றிப் பேசுகிற அறிஞர்கள் பலரும் ஒருவனுக்கு எத்தனை அடையாளம் உண்டு என்று எண்ணுகிறார்கள். சேறும் சகதியுமான வரப்பில், ஒரு கால் வழுக்கினால் பாடை சரியும் என்று நான்கு பேர் பல்லைக் கடித்து நடக்கிற நேரத்தில் ஊர் அவர்களுக்கு ஒரே ஒரு அடையாளத்தைத்தான் மிச்சம் வைக்கிறது.

உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது, 2015-ல் திருத்தப்பட்ட பிறகு சுடுகாடு, இடுகாடு, பொதுப் பாதை ஆகியவற்றை மற்றவர்களைப்போலப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதில் தெளிவாகவே குற்றம். பாதையின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் நேரில் மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். அந்த மனுவின் நகலை எனக்கும் ஒன்று அனுப்புங்கள், அடுத்த இதழில் இந்தப் பகுதியிலேயே அதைப் போடுகிறேன்.